வம்சம் என்றால் மூங்கில்

கேள்வி: இங்கிலாந்தின் வில்லியம் மார்ஷல் ஐந்து அரசர்களிடம் ஊழியம் பார்த்த மாவீரர் என்று படித்தேன். ஐந்து ஆண் பிள்ளைகள் இருந்தும் அவர் வம்சம் அழிந்துபோனதற்கு ஒரு பிஷப்பின் சாபம்தான் காரணம் என்கிறார்களே, சாபம் பலிக்குமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சாபம் பலிக்குமென்றால் இந்தப் பத்திரிகை முதல் ஆண்டே நின்றிருக்கும். நான் திருப்பி அனுப்பிய கவிதைகளின் கணக்கு அப்படி. எனக்கு உறுத்துவது உங்கள் 'வம்சம்'.

இந்தச் சொல் எங்கே அச்சானாலும் எனக்கு ஓர் அன்பர் கார்டு போட்டுவிடுவார். 'குடிவழி' இருக்க வடசொல் எதற்கு என்பார். பதினொரு ஆண்டுகளாக இதே கார்டு, இதே பச்சை மை. அன்பரே, வடமொழியில் வம்சம் என்றால் மூங்கில் என்றும் பொருள் உண்டு. கணுக்கணுவாக வளர்வதைப் பார்த்துக் குலத்துக்கும் அதையே வைத்தார்கள் போலும். மூங்கிலை வெட்டியவர்களைக் கேளுங்கள். நிற்கிற கழிகளையெல்லாம் சாய்த்துவிட்டு நிம்மதியாக வந்து படுத்தால், அடுத்த மழைக்கு வேலியோரம் குருத்து எட்டிப் பார்க்கும். எங்கள் தாத்தா பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சை நிறுத்தியது இதனால்தான். அந்த மூங்கில் இன்னும் இருக்கிறது. தாத்தாவும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை.

மார்ஷலுக்கு வருகிறேன். 1152இல் அவருக்கு ஐந்தாறு வயது. அப்பா ஜான், அரசர் ஸ்டீபனிடம் மகனைப் பிணையாகக் கொடுத்துவிட்டு, கொடுத்த வாக்கையும் மீறினார். 'பையனைத் தூக்கில் போடுவேன்' என்று அரசர் சொல்லியனுப்ப, 'போடுங்கள். இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்தெடுக்கச் சம்மட்டியும் அடைகல்லும் என்னிடம் இருக்கின்றன' என்று பதில் வந்ததாம். மார்ஷல் இறந்த சில ஆண்டுகளில் பழைய பிரெஞ்சில் அவர்மேல் பாடப்பட்ட, பத்தொன்பதாயிரம் அடிகளைத் தொடும் காவியம் இதைச் சொல்கிறது. நல்லவேளை, ஸ்டீபனுக்குத் தூக்கிலிட மனம் வரவில்லை.

பையன் மூத்த மகன் அல்ல என்பதால் அவருக்கு நிலமும் இல்லை. நார்மண்டியில் டாங்கர்வில் பிரபுவிடம் வளர்ந்தார். போட்டிப் போர்களில் எதிரியைக் குதிரையோடு பிடித்து, மீட்புப் பணம் வாங்கிக் காலம் தள்ளினார். நாற்பதைத் தாண்டி, 1189இல் இசபெல் டி கிளேரை மணந்த பிறகுதான் பெருநிலக்காரர் ஆனார். வேல்ஸில் செப்ஸ்டோ கோட்டை, அயர்லாந்தில் லென்ஸ்டர், நார்மண்டியில் லாங்வில் எல்லாம் அந்தப் பெண்ணோடு வந்தவை. லென்ஸ்டர் அவளுக்கே தாய்வழிச் சொத்து. அங்கே ஆண்ட அரசர் டெர்மட்டின் மகள் ஈஃபாதான் அவளுடைய தாய். அடியிலிருந்தே பெண்வழி நிலம், கவனியுங்கள்.

சாபக் கதையை எழுதிவைத்தவர் மாத்யூ பாரிஸ் என்ற துறவி. அயர்லாந்தில் ஃபெர்ன்ஸ் பிஷப்பின் இரண்டு பண்ணைகளை மார்ஷல் எடுத்துக்கொண்டார், பிள்ளைகள் திருப்பித் தர மறுத்தார்கள், பிஷப் சபித்தார். 1231 முதல் 1245 வரை ஐந்து மகன்களும் ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். ஒருவர் போரில் பட்ட காயத்தால் இறந்தார், இன்னொருவர் போட்டிப் போரில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார், கடைசி இருவருக்கும் நடுவில் ஒரு மாதம்கூட இல்லை. ஐவரில் ஒருவருக்கும் முறைப்படி பிறந்த பிள்ளை கிடையாது. அடைகல்லைப் பற்றிப் பெருமை பேசிய ஜானின் பேரன்கள்!

ஆனால் அந்த வீட்டில் ஐந்து பெண்களும் இருந்தார்கள் ஐயா. மாட், இசபெல், சிபில், ஈவா, ஜோன். 'ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி' என்போம் நாம். ஆங்கிலச் சட்டமோ, மகன் இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம், மகன் இல்லாவிட்டால் மகள்களுக்குச் சமபங்கு என்றது. சொத்து ஐந்தாகியது. லென்ஸ்டரில் மாட் பங்குக்குக் கார்லோ, இசபெல் வழிக்குக் கில்கென்னி, ஜோன் வழிக்கு வெக்ஸ்ஃபோர்ட். கில்டேர் போன சிபில் வழியில் வாரிசு ஏழு பேர், ஏழும் பெண்கள். நிலம் அளந்தவர்களை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

இசபெலின் மகள் ஸ்காட்லாந்துப் புரூஸ் வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். இங்கிலாந்தை விரட்டியடித்த அரசர் ராபர்ட் புரூஸ் அவளுடைய பேரன். ஈவாவின் மகள் மார்டிமர் வீட்டுக்குப் போனாள். அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டே வந்தால் எட்டாம் ஹென்றியின் தாய், அப்படியே இன்றைய மூன்றாம் சார்லஸ் மன்னர். அழிந்துபோன வம்சம் பக்கிங்ஹாம் அரண்மனையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறது.

அது இருக்கட்டும், கும்பகோணத்துக்காரரே. நீங்கள் 'பிஷப்' என்று எழுதியதைப் பார்த்ததும் அன்பர் பச்சைப் பேனாவைத் திறந்திருப்பார். 'ஆயர்' என்று எழுதத் தெரியாதா என்று கேட்பார். கார்டு வந்ததும் உங்களுக்கே அனுப்பிவைக்கிறேன்.