அம்மாவுக்குச் சொல்லாமல் வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: அடுத்த மாதம் என் அம்மாவுக்கு 70 வயது நிறைகிறது. பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு, மாத்திரை போடுகிறார். முழங்கால் வலிக்கு நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து "ஒரு தடவையாவது வெந்நீர் ஊற்றில் உட்கார்ந்து பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒருவர் தன் சொந்த நிலத்தில் நடத்தும் ஒரு இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஊரை விட்டு நன்றாகத் தள்ளி இருக்கிறது, நான்கைந்து ரூம்கள், மூன்று குளங்கள், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. அம்மா, நான், கணவர், 6 வயது மகன், மூன்று மாதக் கர்ப்பிணியான என் தங்கை ஆகிய ஐந்து பேரும் இரண்டு இரவு தங்கலாம் என்று திட்டம். கடைசி நிமிடம் வரை அம்மாவுக்குச் சொல்லாமல் வைத்து அசத்த ஆசை. புக் பண்ணும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த ரகசியத்தை விட்டுவிடுங்கள். ஆசை புரிகிறது, காரில் ஏறும் வரை வாயைத் திறக்காமல் இருந்து, போய் இறங்கியதும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது. ஆனால் பிரஷர் மாத்திரை போடுகிற 70 வயதுக்காரர் வெந்நீரில் இறங்குவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும், அவருக்குத் தெரியாமல் அதை எப்படிக் கேட்பீர்கள்? இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. தனியார் ஊற்றுகளில் உடை விஷயத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விதி. சில இடங்களில் நீச்சல் உடை கட்டாயம், சில இடங்களில் உடையில்லாமல் இறங்கலாம், சில இடங்களில் உடையோடு இறங்கவே கூடாது. எல்லோருக்கும் பொதுவான குளமா, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். அங்கே போய் நின்ற பிறகுதான் அம்மாவுக்கு இது தெரிய வந்தால், கூச்சத்தில் இரண்டு நாளும் ரூமை விட்டு வெளியே வரமாட்டார். இப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் முழுக்க அதை எதிர்பார்த்துக்கொண்டு இருப்பதும் அவருக்குச் சந்தோஷம்தானே.

அடுத்து, ஆன்லைனில் புக் பண்ணும் வசதி இருந்தாலும் முதலில் ஃபோன் போடுங்கள். எத்தனை ரூம், கட்டில் எப்படி என்பதெல்லாம் படங்களிலேயே தெரியும். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு எண்: ஒவ்வொரு குளத்திலும் இன்றைக்கு எத்தனை டிகிரி?

'வெந்நீர் ஊற்று' என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஜப்பானில் 1948-இல் வந்த சட்டப்படி, தண்ணீர் வெளியே வரும் இடத்தில் 25 டிகிரி செல்சியஸ் இருந்தாலே அது வெந்நீர் ஊற்றுக் கணக்கில் வந்துவிடும். உட்கார்ந்தால் குளிரும். மறுபக்கம் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் கொதிக்கும் ஊற்றுகளில் விழுந்து வெந்து இறந்தவர்கள் 20 பேருக்கும் மேல். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். எனவே ஊற்றுக்கண்ணில் எத்தனை, குளத்தில் எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஊற்றுக்கண்ணில் 60 டிகிரி இருந்தால் அது சில வினாடிகளில் தோலை வேக வைத்துவிடும். அந்த இடத்துக்கு வேலி போட்டிருக்கிறார்களா, உங்கள் பையன் ஓடிப்போய்க் கை வைக்கிற மாதிரித் திறந்து கிடக்கிறதா என்பது தெரிந்தே ஆக வேண்டும்.

ஏன் 'இன்றைக்கு' என்று கேட்கச் சொல்கிறேன் என்றால், ஊற்றிலிருந்து வரும் சூட்டைத் திருகிக் கூட்டிக் குறைக்க யாரிடமும் குழாய் இல்லை. மழைநீர்தான் பாறை விரிசல் வழியாகக் கீழே இறங்குகிறது. பூமிக்குள் போகப் போகப் பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும், எரிமலைப் பகுதியாக இருந்தால் இன்னும் வேகமாக ஏறும். அப்படிச் சூடான தண்ணீர் இன்னொரு விரிசலைப் பிடித்து மேலே வருகிறது, வழியில் பாறையிலிருந்து உப்பையும் தாதுக்களையும் கரைத்துக்கொண்டு. மேலே வந்த பிறகு கனமழையில் குளிர்ந்த தண்ணீர் கலந்தால் சூடு இறங்கும். ஒரு நிலநடுக்கத்துக்குப் பிறகு வரத்தே மாறிப்போன ஊற்றுகளும் உண்டு. இணையப் பக்கத்தில் போட்டிருக்கிற எண் என்றைக்கோ அளந்ததாக இருக்கலாம். பொறுப்பாக நடத்துகிறவர் காலையும் மாலையும் தெர்மாமீட்டரை விட்டு அளந்து பலகையில் எழுதி வைப்பார், கேட்டால் தயங்காமல் சொல்வார். "நல்லாச் சூடா இருக்கும், வாங்க" என்று மட்டும் பதில் வந்தால் நான் அங்கே அட்வான்ஸ் கட்டமாட்டேன்.

தண்ணீர் எப்படி மாறுகிறது என்றும் கேட்டுவிடுங்கள். ஒரு பக்கம் ஊற்று விழுந்து மறுபக்கம் வழிந்து போய்க்கொண்டே இருக்கிற குளமா, அதே தண்ணீரை மோட்டார் வைத்துச் சுற்ற விடுகிறார்களா, எத்தனை நாளைக்கு ஒருமுறை வடித்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள்? நிறைய இடங்களில் குளோரின் போடுவதில்லை, அதை ஒரு பெருமையாகவும் சொல்வார்கள். வரத்து நன்றாக இருந்து அடிக்கடி கழுவினால் சரி. வரத்தும் குறைவு, குளோரினும் இல்லை, பத்துப் பேர் இறங்குகிறார்கள் என்றால் அது அழுக்குத் தண்ணீர்தான், தாதுக்கள் இருந்தால் மட்டும் சுத்தமாகிவிடாது. நீங்களும் இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளித்து எண்ணெய், கிரீம் எல்லாம் போகக் கழுவிவிட்டு இறங்குங்கள்.

இனி அம்மா. சூடான தண்ணீரில் உட்கார்ந்தால் ரத்தக் குழாய்கள் விரியும், பிரஷர் இறங்கும். மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. உட்கார்ந்திருக்கும் வரை சுகமாக இருக்கும், ஆபத்து எழுந்திருக்கும்போதுதான். எனக்கே ஒரு முறை நடந்தது. குளத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்தேன், காதில் 'ங்' என்று ஒரு சத்தம், கண்ணுக்கு முன்னால் எல்லாம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஒரு இரும்புக் கைப்பிடி இருந்தது, அதைப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கைப்பிடி இல்லாமல் வெறும் பாறையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். ஆகவே ஃபோனில் படி இருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா என்று கேளுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு எப்படியும் அது வேண்டும்.

பொதுவாக வெந்நீர்த் தொட்டிகளுக்கு 40 டிகிரிதான் உச்சம் என்பார்கள். அம்மாவுக்கு 37, 38 போதும். டாக்டர் சரி என்றால், முதல் தடவை ஐந்து நிமிடம், அப்புறம் வெளியே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, உடம்பு ஒத்துக்கொண்டால் மறுபடி ஐந்து பத்து நிமிடம். எழும்போது முதலில் மேல் படியில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு உங்கள் கையையோ கைப்பிடியையோ பிடித்துக்கொண்டு மெதுவாக எழ வேண்டும். தனியாக இறங்க விடவே கூடாது, விடியற்காலையில் எல்லோரும் தூங்கும்போது "நான் மட்டும் போய்ட்டு வரேன்" என்று கிளம்புவார், அதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை இருப்பதால் இன்னும் ஒரு கவனம் வேண்டும். நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி குறையும், சூடு தெரியாது. காலை விட்டுப் பார்த்து "இதமாத்தான் இருக்கு" என்று அவர் சொல்வதை நம்பக் கூடாது, உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், முடிந்தால் ஒரு சின்ன தெர்மாமீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். பாதத்தில் புண்ணோ வெடிப்போ இருந்தால் இந்தப் பயணத்தில் தண்ணீரில் இறங்க வேண்டாம். இன்சுலின் ஊசி போடுகிறவர் என்றால், சூட்டில் அது உடம்பில் வேகமாக ஏறிச் சர்க்கரை சடாரென்று இறங்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். வலிக்கு மருந்துப் பட்டை ஏதாவது தோலில் ஒட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள், சில பட்டைகளிலிருந்து சூட்டில் மருந்து அளவுக்கு மீறி உடம்பில் இறங்கும்.

முழங்கால் வலி போகுமா? இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாலே காலில் விழும் எடை ஏறக்குறைய பாதியாகக் குறையும், சூடு தசையைத் தளர்த்தும், அந்த நேரத்துக்கும் அதன் பிறகு கொஞ்ச நேரத்துக்கும் நிஜமாகவே லேசாக இருக்கும். அவ்வளவுதான். இந்தத் தண்ணீரால் சர்க்கரை குணமாகும், மாத்திரையை நிறுத்தலாம் என்று அங்கே யாராவது பேச்சுக்கொடுத்தால் அம்மா காதில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை வரட்டும், ஆனால் சூடான குளத்தில் இறங்க வேண்டாம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் உடம்பின் உள்சூடு 39 டிகிரியைத் தாண்டுவது குழந்தையின் மூளை, முதுகுத்தண்டு வளர்ச்சிக்கு நல்லதல்ல, 40 டிகிரித் தண்ணீரில் கழுத்து வரை உட்கார்ந்தால் உள்சூடு ஏற அதிக நேரம் ஆகாது. கரையில் உட்கார்ந்து பாதத்தை மட்டும் நனைக்கலாம். மூன்று குளங்களில் ஒன்று உடல் சூட்டுக்குக் கீழே, 35 டிகிரி மாதிரி இருந்தால், தன் டாக்டரைக் கேட்டுவிட்டு அதில் கொஞ்ச நேரம் உட்காரலாம். அப்படி ஒரு குளம் இருக்கிறதா என்பதை வைத்தே இந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பேன், ஏனென்றால் உங்கள் மகனுக்கும் அதுதான் சரி. குழந்தைகளின் உடம்பு சீக்கிரம் சூடேறும். 5 வயதுக்குக் கீழே வெந்நீர்த் தொட்டியே வேண்டாம் என்பார்கள், 6 வயதுக்கும் சில நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். குழந்தைகளை அனுமதிக்காத தனியார் இடங்களும் உண்டு, அவன் வயதைச் சொல்லியே கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவனிடம் கண்டிப்பாக இருங்கள்: தலையை முக்கக் கூடாது, தண்ணீரை வாரி முகத்தில் அடிக்கக் கூடாது. நெக்லேரியா ஃபவ்லெரி என்ற அமீபா இதமான சூட்டில் வளரும், 46 டிகிரி வரை தாங்கும். குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போகும். மிக மிக அரிது, ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. இது உங்கள் எல்லோருக்கும்தான், தலை மேலேயே இருக்கட்டும்.

அழுகிய முட்டை வாடை அடித்தால் பயப்பட வேண்டாம், அது கந்தகம் கலந்த ஹைட்ரஜன் சல்பைடு வாயு. திறந்த வெளியில் காற்றோடு போய்விடும். ஆனால் அது காற்றைவிடக் கனம், பள்ளத்திலும் மூடிய அறையிலும் தங்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அதனால் நான்கு பக்கமும் அடைத்த குளியல் அறைக்குள் ஊற்றுநீர் வருகிற இடம் என்றால் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளி நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நான் கழற்ற மறந்த வெள்ளி மோதிரம் ஒரே சாயங்காலத்தில் முதலில் மஞ்சளாகி, பிறகு நீலம் கலந்த கறுப்பாகிவிட்டது. இரும்புச் சத்துள்ள ஊற்று என்றால் வெளிர் நிறத் துண்டில் ஏறுகிற செங்கறை போகாது, பழைய துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சாதாரண விஷயங்கள்தான். கடைசிப் பகுதி மண் ரோடா, உங்கள் கார் ஏறுமா, மொபைல் சிக்னல் எந்த இடத்தில் போய்விடும், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். சமையலறை இருக்கிறதா, நாம்தான் எல்லாம் கொண்டு போக வேண்டுமா? தங்குபவர்கள் போகப் பகலில் வந்து போகிறவர்களையும் விடுகிறார்களா? ஐந்து பேர் என்று தெளிவாகச் சொல்லுங்கள், குழந்தையைக் கணக்கில் விட்டுவிட்டுப் போய் வாசலில் நிற்காதீர்கள், அது நடத்துகிறவரின் சொந்த இடம். ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நீங்கள் தேதியை மாற்ற வேண்டியிருக்கும்.

டாக்டர் பாதத்தை மட்டும் நனைக்கச் சொன்னாலும் போய் வாருங்கள். அம்மாவும் தங்கையும் சேர்ந்து கரையில் கால் நனைத்து உட்கார ஒரு அகலமான படி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கிளம்புகிற அன்றைக்குக் காலையில், சிக்னல் இருக்கும்போதே இடத்தை நடத்துகிறவருக்கு மறுபடி ஒரு ஃபோன் போட்டு, இன்று எத்தனை டிகிரி என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறுங்கள்.