நான்கு ராட்டினத்துக்கு வரலாறு எதற்கு?

கேள்வி: எங்கள் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் இருந்த சிறுவர் கேளிக்கைப் பூங்காவைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். அதன் வரலாற்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் பத்தியை இணைத்துள்ளேன். ‘நான்கு ராட்டினத்துக்கு வரலாறு எதற்கு?’ என்கிறார்கள் நண்பர்கள். தொடரலாமா?
– தோட்டப்புற வாசகர், பேராக், மலேசியா

பதில்: கட்டாயம் தொடருங்கள், ஆனால் அந்த முதல் பத்தியை எடுத்துவிடுங்கள். அதில் ‘பொற்காலம்’ என்ற சொல் மூன்று முறை வருகிறது. ராட்டினத்தைச் சுற்றியவர் யார், ஒரு சுற்றுக்கு எத்தனை காசு வாங்கினார் என்பது ஒரு முறைகூட வரவில்லை.

சிங்கப்பூரில் 1923இல் தொடங்கிய நியூ வோர்ல்டு, 1931இல் வந்த கிரேட் வோர்ல்டு, கோலாலம்பூரில் சுங்கை வாங் பிளாசா எழுவதற்கு முன் அந்த இடத்தில் இருந்த பிபி பார்க் ஆகியவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அவை நடனமும் குத்துச்சண்டையும் நாடகமும் நடந்த பெருநகரக் கேளிக்கை இடங்கள். உங்கள் ஊர்ப் பூங்காவுக்கு வந்த தோட்டத்துப் பிள்ளைகளோ, பள்ளி விட்டதும் பெற்றோருடன் கட்டிப்பாலும் (உறைந்த ரப்பர் பால்) உதிர்ந்த செம்பனைப் பழமும் பொறுக்கியவர்கள். சம்பள நாளில் சந்தைக்கு அழைத்து வரப்பட்டு, கையில் கொடுக்கப்பட்ட காசுக்கு ஒரே ஒரு சுற்று ஏறி இறங்கிய பிள்ளைக்கு அந்த இடம் என்னவாக இருந்தது என்பதை எந்தத் தோட்ட நிர்வாகத்தின் பேரேடும் குறித்து வைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடத் தொடங்கினார்கள். அந்த நெருக்கடியில்தான், தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கிக்கொள்ள, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அப்போதும், பின்னர் பால்மரக் (ரப்பர்) காடுகள் எண்ணெய் தரும் செம்பனையாகவும் வீடமைப்புத் தாமான்களாகவும் மாறியபோதும், தோட்டக் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் அருகிலிருந்த சிற்றூர்களின் ஓரங்களில் குடியேறின. மாதம் ஒருமுறை வந்த பிள்ளைகள் எந்த ஆண்டிலிருந்து மாலைதோறும் வரத் தொடங்கினார்கள், எப்போது வராமல் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பூங்காவின் கணக்கிலேயே ஊரின் இடப்பெயர்வு தெரியக்கூடும்.

திறப்பு விழாத் தேதியை ஒருவர் நினைவை மட்டும் நம்பி எழுத வேண்டாம். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழின் இதழ்கள், நகராண்மைக் கழகக் கோப்புகள், கோயில் திருவிழா மலர்களின் விளம்பரப் பக்கங்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். வீட்டு ஆல்பங்களில் குழந்தையை விட்டுவிட்டுப் பின்னால் தெரியும் பெயர்ப்பலகையைப் படியுங்கள். ஏற முடியாமல் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களையும் தேடிப் பிடியுங்கள். அவர்கள் இல்லாமல் இந்த வரலாறு பாதிதான்.

ராட்டினத்தை இயக்கிய முதியவர் உங்கள் தாமானிலேயே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே அவரைச் சந்தித்து, எந்தத் தோட்டத்திலிருந்து அந்த வேலைக்கு வந்தார் என்பதிலிருந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். அதை முதல் பத்தியாக வைத்து வெளியிடுகிறோம்.
– ஆசிரியர்