எடை குறைந்த ஃப்ளைவீல்: போடலாம், பழையதைக் கடைய மட்டும் கொடுக்காதீர்கள்

கேள்வி: என்னிடம் 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது, 1.6 லிட்டர் இன்ஜின். கிளட்ச் தேய்ந்துவிட்டது. எப்படியும் கியர்பாக்ஸை இறக்கப் போகிறோம், அப்போதே எடை குறைந்த ஃப்ளைவீலும் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். உதிரிபாகம் விற்பவர் 3.5 கிலோவில் அலுமினிய ஃப்ளைவீல் ஒன்றைக் காட்டி, 8 குதிரைத்திறன் கூடும் என்கிறார். அது வேண்டாம் என்றால் என் பழையதையே லேத்தில் கடைந்து தருகிறாராம். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, வண்டி அணைந்து அணைந்து போகும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அணைந்து போகாது. போனால் அது ஃப்ளைவீலின் குற்றமில்லை, முப்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்த அழுக்கின் குற்றம். ஃப்ளைவீல் என்பது இன்ஜினைச் சுழற்றும் தண்டான கிராங்கின் முனையில் பூட்டிய கனமான சக்கரம், அதன்மேல்தான் கிளட்ச் உட்காரும். அது இன்ஜினின் உண்டியல் மாதிரி. ஒவ்வொரு வெடிப்பிலும் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வெடிப்பு வரும்வரை செலவு செய்கிறது. உண்டியல் சிறிதானால், சிக்னலை நெருங்கி கிளட்சை மிதித்ததும் ஆர்பிஎம் சட்டென்று விழும். அதை ஐடில் வால்வு பிடித்துக்கொள்ள வேண்டும். வால்வில் கரி படிந்திருந்தாலோ, வேக்குவம் குழாயில் எங்காவது காற்று இழுத்தாலோ பிடிக்காது. முதலில் அந்த இரண்டையும் சரிசெய்யுங்கள். பிறகும் அளவுக்கு மீறி விழுந்தால் 850 ஆர்பிஎம்மில் இருக்கும் ஐடிலை 950-க்கு ஏற்றுங்கள், போதும். மேட்டில் வண்டியை எடுக்கும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும். ஒரு வாரத்தில் காலுக்குப் பழகிவிடும்.

8 குதிரைத்திறன்? ஒன்றுகூட ஏறாது. இன்ஜின் தருவது அதேதான். வேகமெடுக்கும்போது ஃப்ளைவீலையும் சேர்த்து முடுக்கச் செலவாகிற பங்கு மட்டும் மிச்சமாகிறது. உங்கள் வண்டியின் முதல் கியர் விகிதம் 3.14, பின் ஆக்சில் 4.3, பெருக்கினால் 13.5. மையத்திலிருந்து சராசரியாக 11 செ.மீ. தள்ளி 3 கிலோவைக் குறைத்தால், முதல் கியரில் வண்டியிலிருந்து ஏறக்குறைய 80 கிலோவை இறக்கி வைத்ததற்குச் சமம். ஓர் ஆளே இறங்கிக்கொண்ட மாதிரி. நான்காவது கியரில் அதே 3 கிலோ வெறும் 8 கிலோவுக்குத்தான் சமம், ஏனென்றால் இந்தக் கணக்கு கியர் விகிதத்தின் வர்க்கத்தில் போகிறது. வண்டியின் திறனை உருளை முடுக்கத்தை வைத்து அளக்கும் டைனோ இயந்திரத்தில் தாழ்ந்த கியரில் ஓட்டிக் காட்டினால், இந்த மிச்சம் குதிரைத்திறன் வேஷம் போட்டுக்கொண்டு வரும். விற்பவர் காட்டும் கிராஃபில் எந்த கியரில் ஓட்டியது என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். நான் பார்த்தவற்றில் எழுதியிருந்ததில்லை.

இனி லேத் விஷயம். எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுவைக்கு நிற்காது. சுழலும் சக்கரத்தில் இருப்பதோ இழுவைதான், அதுவும் ஆர்பிஎம் இரட்டிப்பானால் நாலு மடங்காகும். ஒருமுறை வேறொரு பட்டறையில் கடைந்த ஃப்ளைவீல், அதிர்வுப் புகாரோடு என் மேஜைக்கு வந்தது. பின்பக்கம் லேத் உளி போன கோடுகள் இசைத்தட்டின் பள்ளங்கள் மாதிரி அப்படியே இருந்தன. போல்ட் வட்டத்துக்குச் சற்று வெளியே வளைவே விடாமல் கூர்மூலையாக வெட்டியிருந்தார்கள். விரிசல் இருக்கிறதா என்று பார்க்க சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தேன். ஆறு துளைகளில் இரண்டிலிருந்து மயிரிழைபோல சிவப்புக் கோடு ஊறி வந்தது. கூடவே ஒரு சான்றிதழ் வேறு: ‘பேலன்ஸ் செய்யப்பட்டது’ என்று எழுதி ஒரு டிக். எத்தனை கிராம், எந்த ஆரத்தில்? எண்ணே கிடையாது. இப்படி ஒரு காகிதத்தை நம்பித்தான் 7,000 ஆர்பிஎம்மில் இரும்பு சுழல்கிறது. அது வெடித்தால் அதை மூடியிருக்கும் பெல்ஹவுசிங் தடுத்து நிறுத்தாது, துண்டுகள் வரும் வழியில் உங்கள் கால் இருக்கிறது. கொஞ்சம்தான் கடைவோம், விளிம்பில் மட்டும் எடுப்போம் என்பார்கள். கேட்காதீர்கள்.

புதிதாக வாங்குங்கள். ஒரே ஸ்டீல் கட்டியிலிருந்து கடைந்தது, 5 கிலோ அளவில் உள்ளது உங்களுக்குச் சரி. ஒரிஜினல் 8 கிலோவை ஒட்டி இருக்கும். அலுமினியம் கெட்டதல்ல. உராயும் இடத்தில் ஸ்டீல் தட்டு பொருத்தியிருக்கும், பந்தயப் பாதைக்கு நல்லது. ஆனால் நெரிசலில் கிளட்சைப் பாதி மிதித்தபடி ஊர்கிறவருக்கு 3.5 கிலோ தொந்தரவு, எடை குறையக் குறையச் சூடும் சீக்கிரம் ஏறும். எதை வாங்கினாலும் எஸ்எஃப்ஐ 1.1 என்ற அமெரிக்கப் பந்தயப் பாதுகாப்புத் தரத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

‘1989 முதல் எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று போட்டிருக்கும் பட்டியல்கள் வேறு. யார் இதை எழுதுகிறார்கள் என்றே தெரியவில்லை! 1.6 லிட்டரின் கிளட்ச் 200 மி.மீ., பின்னால் வந்த 1.8 லிட்டரின் கிளட்ச் 215 மி.மீ. 1.8 ஃப்ளைவீல் 1.6 கிராங்கில் ஏறும். ஆனால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் இரண்டும் ஃப்ளைவீலின் அளவுக்கே இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் கியர்பாக்ஸை மறுபடி இறக்கவேண்டியதுதான், அந்தக் கூலியைப் பட்டியல் போட்டவர் தரமாட்டார்.

உங்கள் இன்ஜினில் ஃப்ளைவீல் தனியாகவே பேலன்ஸ் ஆனது, அதனால் நேராக மாற்றலாம். இதைப் படித்துவிட்டு பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின் உள்ள மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரர் யாராவது அதையே செய்யக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன், உங்களுக்குச் சம்பந்தமில்லைதான். மேனுவல் கியர் ஆர்எக்ஸ்-7-ல் எதிர் எடை ஃப்ளைவீலோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. ரோட்டர்கள் மையம் விலகிச் சுழல்வதை ஈடுகட்டுவதில் அதற்கும் பங்கு உண்டு. எடை குறைந்த ஃப்ளைவீலில் அந்த எடை இருக்காது. எனவே ஆட்டோமேட்டிக் வண்டிக்கு வரும் தனி எதிர் எடையை வாங்கி, அதன்மேல் புதியதைப் பூட்ட வேண்டும். அதிலும் ஆர்எக்ஸ்-7-ன் இன்ஜின் வகைகளில் 12ஏ-வுக்கு ஒன்று, 13பி-க்கு ஒன்று, டர்போவுக்கு வேறு, ஏனென்றால் ரோட்டரின் எடை தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. விற்கிறவர் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பார். ஒன்றல்ல. நடுவில் இருக்கும் 54 மி.மீ. நட்டைக் கழற்றியவருக்குத் தெரியும், இன்னொரு முறை கழற்றத் தோன்றாது.

போர்ஷே 944 போன்றவற்றில் இக்னிஷன் சென்சார் ஃப்ளைவீலிலிருந்தே படிக்கிறது. உங்கள் வண்டியில் அந்த வேலை சிலிண்டர் ஹெட்டின் பின்னால் நடக்கிறது, கவலை வேண்டாம்.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். போல்ட் புதிது, அதன் மரையில் சீலன்ட், மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கும் விசை), குறுக்கும் நெடுக்குமாக முடுக்க வேண்டும். கிராங்கின் பின் ஆயில் சீலையும் பைலட் பேரிங்கையும் இப்போதே மாற்றச் சொல்லுங்கள். கிளட்ச் பிளேட் நடுவில் ஸ்பிரிங் உள்ளதாக இருக்கட்டும், இல்லையென்றால் ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடக்கும். புதிய ஃப்ளைவீலின் உராயும் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். பாதிப்பேர் மறக்கிறார்கள், பிறகு கிளட்ச் உதறுகிறது என்று ஃப்ளைவீலைத் திட்டுகிறார்கள்.

பழைய ஃப்ளைவீலை எக்ஸ்சேஞ்சில் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். கிரீஸ் தடவி, துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். கொடுத்தால் அது நேரே லேத்துக்குப் போய், டிக் போட்ட காகிதத்தோடு இன்னொருவர் வண்டியில் ஏறும்.