டெல்லியில் ஐந்தாம் வகுப்பிலேயே ஃபெயில் போடுவார்களா?

“ஊரில் எட்டாவது வரை எல்லோரும் பாஸ்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். டெல்லியில் 5, 8 ஆகிய வகுப்புகளில் ஃபெயில் உண்டு.

2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019 திருத்தம் அந்த முடிவை அரசுகளிடம் விட்டது. தமிழ்நாடு பழையபடியே இருக்கிறது, டெல்லி மாறிவிட்டது.

அதற்காகப் பயந்துவிட வேண்டாம். தவறினால் கூடுதல் பயிற்சி தந்து, முடிவு வந்த 2 மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தவறினால்தான் அதே வகுப்பு. எட்டாவது முடியும்வரை பள்ளியைவிட்டு நீக்க முடியாது.

என்னைக் கேட்டால், அந்த 2 மாதம்தான் விஷயமே. நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தியில்தான்; வகுப்பாசிரியரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.