விதைநெல்

அன்புள்ள ஐயா,

இறையியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறையில் எங்கள் ஊர்க் கோயிலில் பிரசங்கம் செய்தேன். பைபிளின் கிரேக்க மூலச் சொற்களை விளக்கினேன். ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர், "தம்பி, படிப்பு இருக்கு, தாழ்மை இல்லையே" என்றார். அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஊழியத்தில் படித்ததை மறைத்துக்கொள்ள வேண்டுமா? கிராமத்துச் சபையில் எவ்வளவு நேரம் பேசலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நேரக் கணக்கை உங்கள் ஊர்ச் சபைப் போதகரிடம் கேளுங்கள். படித்ததை மறைக்காதீர்கள். அது பொய், தாழ்மை ஆகாது.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெரியவர் யார், என்ன வேலை பார்த்தவர், எந்த இடத்தில் அவருக்கு நெருடியது என்று ஒரு வரிகூட இல்லை. தூங்காமல் புரண்டதற்கு, காலையில் அவர் வீட்டுக்கு நடந்து போயிருக்கலாமே! உங்கள் மனம் புண்பட்டதை எழுதியிருக்கிறீர்கள், அவரை எழுதவில்லை. எனக்கு இதுதான் கோபம். ஏனென்றால் நானும் இதைச் செய்தவன்.

இருபத்திரண்டு வயதில் பைபிளின் 126ஆம் சங்கீதத்தைப் பிரசங்கித்தேன். யூதர்களின் பாபிலோன் சிறையிருப்பு, அவர்கள் சீயோனுக்கு, அதாவது எருசலேமுக்குத் திரும்பியது என்று அரைமணி நேரம். அதில் வரும் கண்ணீரோடு விதைப்பதை வெறும் உருவகம் என்று சொல்லித் தாண்டிவிட்டேன். வாசலில் ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டார். களையெடுத்துக் காய்த்துப்போன கை. "விதைக்கிறப்ப ஏன் அழுறாங்கன்னு தெரியாதாய்யா? வீட்டுல புள்ள பசின்னு கத்தும். குலுக்கையில விதைநெல்லு மட்டும்தான் கிடக்கும். அதை அள்ளிட்டுப் போயி வயல்ல வீசணும்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "சரி பாட்டி" என்று நகர்ந்துவிட்டேன். வருடங்கள் கழித்துத் திரும்பிப் போனபோது அவர் இல்லை. நான் சொன்ன வரலாற்றில் பிழையில்லை. ஆனால் அந்த வசனத்தின் கண்ணீர் அவரிடம் இருந்தது.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது இருபத்துநான்கு வயதுகூட நிறையவில்லை. ஜெர்மனியின் ஹாலேயில் இறையியல் படித்தவர். ஒரு வயதான தமிழ் வாத்தியாரை அமர்த்தி, அவருடைய பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். அதோடு விடவில்லை. சுவடிகளைத் தேடிச் சேர்த்தார், 1708இல் அவற்றுக்கு ஒரு பட்டியலே எழுதினார். கொன்றை வேந்தனை ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். இங்குள்ள தெய்வங்களைப் பற்றிக் கேட்டறிந்து 1713இல் எழுதி அனுப்பிய நூலை ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள். 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. ஹாலேக்காரர்களும் பக்திமான்கள்தான். ஆனால் மணலில் உட்கார்ந்து கற்றவர் சொன்னதைக் காதில் வாங்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

அதே சீகன்பால்கு, தரங்கம்பாடியை அப்போது ஆண்ட டேனிஷ் ஆளுநரோடு மோதி நான்கு மாதம் சிறையில் இருந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் சபைகளில் கைகட்டி நிற்பதைத்தான் தாழ்மை என்று பழக்கி வைத்திருக்கிறோம். உங்களை வாயடைக்க அந்தப் பெரியவர் அப்படிச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்கலாம். அதையும் நேரில் போனால்தானே தெரியும்?

கல்லூரி திறக்குமுன் ஒரு நாள் போங்கள். பைபிளை எடுத்துக்கொண்டு, அன்றைய வசனத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை கிரேக்கம் வேண்டாம். அப்புறம் எனக்கு எழுதுங்கள், இந்த முறை அவருடைய பெயரோடு.

அன்புடன்