எரிபொருள் விலை ஏறினால் துணை ஒப்பந்ததாரர் நட்டப்படாமல் இருக்க ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

முதன்மை ஒப்பந்ததாரர் நீட்டிய தாளில் நீங்கள் இன்னும் கையெழுத்திடவில்லை என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். மண் வேலை எடுத்துச் செய்பவன்.

2021 டிசம்பரில் ஒரு வேலைக்கான துணை ஒப்பந்தத்தில் விலைச் சரிக்கட்டுப் பிரிவு, அதாவது செலவு ஏறி இறங்குவதற்கேற்ப நமக்கு வரும் தொகையை மாற்றும் பிரிவு, இருப்பதைப் பார்த்துவிட்டு நம்பிக்கையோடு கையெழுத்திட்டேன். அப்போது பிரெண்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு ஏறத்தாழ 75 டாலர். உக்ரைன் போர் தொடங்கியபின், 2022 மார்ச்சில் அது 120 டாலரைத் தாண்டியது. பொக்லைனும் டிப்பரும் ஓடினால்தான் நடக்கும் வேலையில் டீசல் எவ்வளவு விழுங்கும் என்று உங்களுக்கே தெரியும். முதன்மை ஒப்பந்ததாரரிடம் கூடுதல் தொகை கேட்டுப் போனபோது, அந்தப் பிரிவு சுட்டும் அட்டவணை நிரப்பப்படாமல் கிடப்பதைக் காட்டி, அட்டவணை இல்லையென்றால் பிரிவு பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஒப்பந்தம் தழுவியிருந்த ஃபிடிக் சிவப்பு நூலின் (கட்டுமான வேலைகளுக்கான பன்னாட்டு மாதிரி ஒப்பந்தம்) 1999 பதிப்பில், 13.8ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பணி உரிமையாளரோடு அவர்கள் செய்த முதன்மை ஒப்பந்தத்தில் அட்டவணை நிரம்பியிருந்தது, நான் எரித்த டீசலுக்காக அந்த உரிமையாளரிடம் அவர்கள் உயர்வுத் தொகை வாங்கினார்கள், அதில் ஒரு காசும் என்னிடம் வரவில்லை என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே முதலில் அந்த அட்டவணையை நிரப்பச் சொல்லுங்கள். வேலை மதிப்பில் எரிபொருளின் பங்கு எவ்வளவு, எந்த வெளியீட்டின் விலைக் குறியீடு, எந்த நாளின் குறியீடு அடிப்படை ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். பங்கு 0.30 என எழுதி, குறியீடு 40 விழுக்காடு ஏறினால், 0.70 உடன் 0.30 பெருக்கல் 1.40 சேர்ந்து 1.12 ஆகும், அதாவது அந்த மாத பில் 12 விழுக்காடு கூடும். அடிப்படை நாளில் மிகவும் கவனமாக இருங்கள். ஃபிடிக் முறையில் அது முதன்மை ஒப்பந்தத்துக்கான ஒப்பந்தப் புள்ளியை (டெண்டரை) கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு 28 நாள் முந்தையது. நாம் விலை கொடுப்பதோ அதற்குப் பல மாதங்கள் கழித்து. இடையில் விலை இறங்கியிருந்தால், அந்தப் பழைய உயரத்தைத் தாண்டும்வரை நமக்கு எதுவும் கிடைக்காது என்பதோடு, கணக்குப்படி நம் தொகையே குறையும். எனவே நம் விலைப்புள்ளியின் தேதியையே எழுத வேண்டும்.

விலைப்புள்ளியிலேயே அந்த இடருக்கும் சேர்த்துத் தொகை வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அப்படி வைப்பவருக்கு வேலை கிடைப்பதில்லை. வைக்காமல் வேலை பெற்றவர் பாதியில் வண்டிகளை நிறுத்துகிறார், அதனால் முதன்மை ஒப்பந்ததாரரின் காலக்கெடுவும் தவறுகிறது. நான் ஒருதலையாகப் பேசவில்லை: விலை இறங்கினால் நம் தொகையும் குறையும் என்று அதே பிரிவில் எழுத நாமும் சம்மதிக்க வேண்டும்.

இப்போது நான் கையெழுத்திடும் தாள்களில், சரிக்கட்டுத் தொகையை அந்தந்த மாத பில்லிலேயே சேர்க்க வேண்டும் என்றும், உரிமையாளர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது எனக்கு உரியது என்றும் இரண்டு வரிகளைச் சேர்க்கிறேன். இரண்டாவது வரியை அடிக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் வற்புறுத்துகிறார்கள். அதற்காக ஒரு வேலையை விட்டும் வந்திருக்கிறேன்.