குழாய் நீரில் லெஜியோனெல்லா: ஊழியர் பயிற்சிக்குப் பணம் கொடுக்கும் முன்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் 32 அறைகள் கொண்ட சர்வீஸ் அபார்ட்மென்ட் ஒன்றை நடத்தி வருகிறேன். சிகிச்சைக்காக ஊரிலிருந்து வருகிறவர்களும் அவர்களுடைய உறவினர்களுமே எங்களிடம் அதிகம் தங்குகிறார்கள். அண்மையில் ஒரு நிறுவனத்தார் வந்து, தண்ணீர்க் குழாய்களில் ‘லெஜியோனெல்லா’ என்ற கிருமி வளரும் என்று எச்சரித்தார்கள். ஊழியர் ஆறு பேருக்கு மூன்று மணி நேர ஆன்லைன் பயிற்சி, ஆளுக்கொரு ‘எல்-8 சான்றிதழ்’, கட்டடத்துக்கு ‘லெஜியோனெல்லா அற்றது’ என்ற சான்று, எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் என்கிறார்கள். இது தேவைதானா, அல்லது பயமுறுத்தி விற்கிறார்களா?

பதில்: அவர்கள் சொல்லும் கிருமி உண்மையானது, விற்கும் காகிதங்கள்தாம் ஐயத்துக்குரியவை. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ஓட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜனின் மாநாடு நடந்ததையொட்டி, பெரும்பாலும் அதில் கலந்துகொண்டவர்களான 182 பேர் கடும் நிமோனியாவால் பாதிக்கப்பட்டு 29 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு தொடக்கத்தில் கண்டறியப்பட்ட கிருமிக்கு அந்தச் சங்கத்தின் பெயரே நிலைத்துவிட்டது. ஷவர், கூலிங் டவர், அலங்கார நீரூற்று போன்றவற்றிலிருந்து எழும் நுண்ணிய நீர்த்திவலைகளை மூச்சில் இழுப்பதால்தான் இந்நோய் பெரும்பாலும் வருகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது வழக்கமில்லை. முதியவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் நோயாளிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம் என்பதால், உங்கள் விருந்தினர்களை நினைத்துப் பார்த்தால் பயிற்சி வீண்செலவு அன்று.

ஆனால் எந்தப் பயிற்சி என்பதுதான் கேள்வி. இக்கிருமி 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரில் பெருகும். 60 டிகிரியில் சில நிமிடங்களில் பெரும்பாலும் மடியும். ஆகவே குளிர்ந்த நீரை 20 டிகிரிக்குக் கீழே வையுங்கள் என்று பிரிட்டனில் தயாரான பாடங்கள் சொல்லும். ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடியில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் அது நடக்கிற காரியமா? நம் ஊரில் அந்த விதியை மனப்பாடம் செய்வதை விட, தொட்டி நீர் தேங்காமல் புழங்குவதையும், கடைசிக் குழாய் வரை குளோரின் எட்டுவதையும், தொட்டியில் வண்டல் சேராமல் கழுவுவதையும் ஊழியர்கள் கற்றுக்கொள்வதே பயன் தரும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, குளோரின் கலந்து சுத்திகரிக்கும் நீரில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரினைக் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்கிறது. காவிரி நீர், போர்வெல், டேங்கர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கும் கட்டடத்தில் இந்த அளவு நாளுக்கு நாள் மாறும். சோதனைக் குப்பியில் மருந்தைப் போட்டு நிறம் பார்க்கத் தெரிந்த ஒருவர் கட்டடத்திலேயே இருக்க வேண்டும்.

சோலார் ஹீட்டரையும் கவனியுங்கள். வெயில் நாளில் 60 டிகிரியைத் தாண்டும் அதே தொட்டி, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நாள்கணக்கில் மேகம் மூடியிருக்கும்போது 40 டிகிரியில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமிக்கு அதைவிட இதமான இடம் வேறு இல்லை. அந்நாள்களில் மின் ஹீட்டரைப் போட்டு நீரை 60 டிகிரிக்கு ஏற்ற வேண்டும் என்பதும், அவ்வளவு சூடான நீர் முதியவர் தோலைச் சில நொடிகளில் சுட்டுவிடும் என்பதால் குளியலறையிலேயே குளிர்ந்த நீரைக் கலந்து சூட்டைத் தணிக்கும் கலவை வால்வு வேண்டும் என்பதும் பாடத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். 2024 தண்ணீர்ப் பஞ்சத்தின்போது பெங்களூரு குடிநீர் வாரியம் கட்டாயமாக்கிய, குழாய் முனையில் பொருத்தி நீர்ச் செலவைக் குறைக்கும் ஏரேட்டர்களின் சல்லடையிலும், ஷவர் துளைகளிலும் போர்வெல் நீரின் உப்பு படிந்து கிருமி ஒட்டிக்கொள்ள இடம் தரும். அவற்றைக் கழற்றி உப்பு நீக்குவதைச் செய்துதான் காட்ட வேண்டும். திரையில் காட்டினால் போதாது. ஆள் தங்காத அறைகளின் குழாய்களை வாரம் ஒருமுறையேனும் சில நிமிடங்கள் திறந்துவிடுவதும் அப்படித்தான்: ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, நீர் தெறிக்காமல் மெதுவாகத் திறக்கத் தெரியாதவர், கிருமியைத் தாமே மூச்சில் இழுத்துக்கொள்வார்.

ஒருமுறை ஒரு விடுதியில் வெப்பநிலைப் பதிவேட்டைப் புரட்டினேன். மூன்று மாதங்களுக்கும் ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் 60. கடைசி மாடிக் குழாயை ஒரு நிமிடம் ஓடவிட்டு வெப்பமானியை நீட்டினால் 41 காட்டியது. எழுதிய பையன் பொய் சொல்லவில்லை. ‘60 என்று எழுது’ என்றுதான் அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது, வெப்பமானியை யாரும் கொடுக்கவில்லை. அந்தப் பையனின் சான்றிதழ் வரவேற்பறையில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது.

இனி அந்தச் சான்றிதழ்கள். எல்-8 என்பது பிரிட்டனின் தொழிற் பாதுகாப்பு அமைப்பு அந்நாட்டு முதலாளிகளுக்கும் கட்டடப் பொறுப்பாளர்களுக்கும் வகுத்த நடைமுறை விதித்தொகுப்பு. அதைப் பாடமாக நடத்தலாம்; தனிமனிதருக்கு அது கொடுக்கும் பட்டம் என்று ஒன்றில்லை. ‘லெஜியோனெல்லா அற்ற கட்டடம்’ என்ற சான்றை ஒதுக்கிவிடுங்கள். ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குப் பத்து நாள் வரை ஆகும். அதுவும் அந்த நாளில், அந்தக் குழாயில் எடுத்த நீரைப் பற்றி மட்டுமே பேசும். சிலர் டிப் ஸ்லைடு என்ற சிறு பட்டையை நீரில் தோய்த்துக் காட்டி முடிவு சொல்வார்கள். அது பொதுவான நுண்ணுயிர் எண்ணிக்கையைக் காட்டுமே தவிர, லெஜியோனெல்லாவைப் பிரித்துக் காட்டாது.

நானாக இருந்தால் அந்த 24,000 ரூபாய்க்கு வேறு பேரம் பேசுவேன்: அரை நாள் உங்கள் கட்டடத்திலேயே, பிளம்பரும் ஹவுஸ்கீப்பிங் பெண்களும் இருக்க, தமிழிலும் கன்னடத்திலும் பயிற்சி, உங்கள் குழாய்களின் வரைபடமும், பயன்படாமல் முட்டி நிற்கும் கிளைக்குழாய்களின் பட்டியலும், ஆறு மாதம் கழித்து இன்னொரு வருகை, ஏனெனில் அதற்குள் ஆறு பேரில் இரண்டு பேராவது ஊருக்குப் போயிருப்பார்கள். கால் பங்குப் பணத்தை அந்த இரண்டாம் வருகைக்குப் பிறகே கொடுங்கள். பயிற்சி தருபவரே நீரைச் சுத்திகரிக்கும் மருந்தும் விற்று, சோதனையும் செய்பவராக இருந்தால், சோதனையை மட்டும், ஆய்வகங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரமுள்ள வேறு ஆய்வகத்தில் செய்துகொள்ளுங்கள். அந்த அங்கீகாரம் லெஜியோனெல்லா சோதனைக்கும் உண்டா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

கேள்வி: பணம் வாங்கிக்கொண்டு சொன்னபடி செய்யாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: உங்கள் நிலையில் அது கடினம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோர் என்று கொள்வதில்லை. சுயதொழிலால் பிழைப்பவருக்கு விலக்கு கேட்டுப் பார்க்கலாம் என்றாலும், 32 அறைகளும் ஊழியர்களும் உள்ளவர் அதை நிலைநாட்டுவது எளிதன்று. ஆகவே, யார் வந்து பயிற்சி தருவார், எத்தனை மணி நேரம், எந்த மொழியில், என்னென்ன ஒப்படைப்பார் என்பதையெல்லாம் பணி ஆணையில் எழுதி, அவருடைய கையொப்பம் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.